பட்ஜெட்டுக்குள் முடித்த மாதத்தில்தான் சரக்கு விமானத்தில் போனது

வாசகரின் கடிதம், சுருக்கமாக

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சொந்தத் தையல் யூனிட், சுமார் அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். நிட்டிங்கும் சாயமும் வெளியே ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குக் கொடுத்துச் செய்வது. ஏப்ரலில் போடும் பட்ஜெட்தான் பெரிய முதலாளிக்கு எல்லாம். எந்தப் பிரிவு செலவைத் தாண்டுகிறதோ அந்த மேனேஜர் சம்பளத்தில் பிடியுங்கள் என்கிறார். எம்.பி.ஏ. முடித்து வந்திருக்கும் மகனோ, பட்ஜெட் பழைய காலத்துச் சமாச்சாரம், ஸ்வீடனில் ஒரு வங்கி அதைத் தூக்கிப்போட்டுத்தான் ஜெயித்தது, நாம் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டுக்கு (பணத்தோடு மற்ற அளவீடுகளையும் சேர்த்து மார்க் போடும் முறை) மாறிவிடலாம் என்கிறார். 34 அளவீடுகளோடு ஒரு எக்செல் ஷீட்டும் தயார். தீபாவளி போனஸை முழுக்க அந்த மார்க்கை வைத்தே கொடுக்கலாம் என்பது அவர் யோசனை.

இதற்கு நடுவில் ஒரு சம்பவம். ஐரோப்பிய பையர் ஒருவருக்கு 60,000 டி-ஷர்ட் ஆர்டர். தையல் செலவு பட்ஜெட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் ஓவர்டைமை நிறுத்தினார். 2.40 லட்சம் ரூபாய் மிச்சம். ஆனால் 22,000 பீஸ் கப்பலைத் தவறவிட்டது. பையர் விடவில்லை, கம்பெனி செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. கார்ட்டனோடு சேர்த்து 4,400 கிலோ, கிலோவுக்கு 250 ரூபாய் வீதம் 11 லட்சம். மாதக் கூட்டத்தில் தையல் பிரிவுக்குப் பாராட்டு. அந்த 11 லட்சம் 'ஏற்றுமதிச் செலவு' என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

வாசகி கேட்பது: பட்ஜெட்டா, ஸ்கோர்கார்டா? போனஸை மார்க்கோடு கட்டலாமா? சம்பளத்தில் பிடிக்கலாமா? இதற்கென்று சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா? கூடவே, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் நான் எப்படி நிற்பது?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த ஷிப்மென்ட்டை இன்னொரு முறை பாருங்கள். பட்ஜெட் பொய் சொல்லவில்லை, ஓவர்டைமில் 2.40 லட்சம் மிச்சமானது உண்மை. ஸ்கோர்கார்டு இருந்திருந்தால் அதுவும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்: குறித்த தேதியில் கப்பலேறியது 63 சதவீதம். ஆனால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை உங்கள் கம்பெனியில் யாருக்கும் இல்லை. 11 லட்சம் விழுந்த தலைப்புக்கும் சொந்தக்காரர் கிடையாது. ஓவர்டைமை நிறுத்தியவரும் விமானக் கட்டணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்திருந்தால், 2.40 லட்சத்தை அவர் யோசிக்காமல் செலவு செய்திருப்பார். பட்ஜெட்டையும் ஸ்கோர்கார்டையும் தனித்தனியாக ஓடவிடும் எந்தக் கம்பெனியிலும் இது நடக்கும். இரண்டுக்கும் ஒரே ஆள் பொறுப்பு, ஒரே கூட்டம் என்று ஆக்குவதுதான் உங்கள் முன்னால் இருக்கிற வேலை.

சின்னவர் சொல்லும் ஸ்கோர்கார்டை ராபர்ட் கப்லனும் டேவிட் நார்ட்டனும் 1992-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ கட்டுரையில் முன்வைத்தார்கள். பணம், வாடிக்கையாளர், உள்ளே நடக்கும் வேலை, கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு பக்கமும் பார்க்கச் சொன்னார்கள். அந்த நான்கில் ஒன்று பணம் என்பதைக் கவனியுங்கள். பணக் கணக்கை விட்டுவிடுங்கள் என்று அவர்கள் சொல்லவே இல்லை. பணக் கணக்கு நடந்து முடிந்ததைத்தான் காட்டும், நடக்கப்போவதைக் காட்டும் எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் வாதம். ஸ்கோர்கார்டை பட்ஜெட்டோடு இணைப்பது பற்றிப் பின்னாளில் அவர்களே நிறைய எழுதினார்கள்.

ஸ்வீடன் வங்கிக் கதை உண்மைதான், ஆனால் பாதிக் கதை. அது ஸ்வென்ஸ்கா ஹாண்டல்ஸ்பாங்கன். 1970-ல் தலைமைக்கு வந்த யான் வாலண்டர் அங்கே வழக்கமான பட்ஜெட்டை ஒழித்தார். அந்த இடத்தை அவர் காலியாக விடவில்லை. ஒரே மாதிரி வேலை செய்யும் நூற்றுக்கணக்கான கிளைகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. வங்கி மொத்தமாகப் போட்டி வங்கிகளின் சராசரி லாப விகிதத்தைத் தாண்ட வேண்டும் என்பது இலக்கு. லாபப் பங்கும் ஊழியர் எல்லோருக்கும் பதவி பார்க்காமல் சமமாக ஒரு நிதியில் சேர்ந்தது, கைக்கு வருவது வயதான பிறகு. உங்களுக்கு இருப்பது ஒரு யூனிட். தையலை எதோடு ஒப்பிடுவீர்கள், பேக்கிங்கோடா? அதோடு பேங்கில் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு அனுப்பும் முன்பே ஏற்றுமதிக் கடன், வாங்குகிறீர்கள். அடுத்த வருட விற்பனை, செலவு மதிப்பீட்டை அவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். ஆகவே பட்ஜெட் இருக்கட்டும். அதில் இருக்கிற கோளாறை மட்டும் சரிசெய்வோம்.

முதலில் பட்ஜெட் பீஸ் கணக்கோடு நகர வேண்டும்

நீங்கள் அனுப்பிய ஆகஸ்ட் கணக்கில் தையல் பிரிவுக்கு 10 லட்சம் 'ஓவர்' என்று சிவப்பில் இருக்கிறது. பட்ஜெட் 44 லட்சம், செலவு 54 லட்சம். ஆனால் அந்த 44 லட்சம், மாதம் 2 லட்சம் பீஸ், பீஸுக்கு 22 ரூபாய் என்று ஏப்ரலில் போட்டது. ஆகஸ்டில் தைத்தது 2.60 லட்சம் பீஸ். அதற்கு ஆகியிருக்க வேண்டிய செலவு 57.20 லட்சம். அப்படியானால் அந்த மேனேஜர் 3.20 லட்சம் மிச்சப்படுத்தியிருக்கிறார். அவரைத்தான் பெரியவர் கூட்டத்தில் கேள்வி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் அவர் ஓவர்டைமை நிறுத்தியதில் என்ன ஆச்சரியம்?

பீஸுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் செலவைத் தனியாகவும், வாடகை, சூப்பர்வைசர் சம்பளம் மாதிரி அசையாத செலவைத் தனியாகவும் பிரியுங்கள். முதலாவதை மாதக் கடைசியில் உண்மையான உற்பத்திக்கு மாற்றிக் கணக்கிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள். நூல் விலையிலும் இதே நியாயம்தான். மில்கள் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் அதற்கு கட்டிங் மாஸ்டர் என்ன செய்வார்? விலை வித்தியாசம் கொள்முதல் செய்பவர் கணக்கில் இருக்கட்டும். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி போனது என்பதுதான் கட்டிங்கின் கணக்கு.

இன்னொரு தொல்லை, மூன்று வேலையை ஒரே எண்ணிடம் வாங்குவது. அடைய வேண்டிய இலக்கு, நிஜமாக என்ன நடக்கும் என்ற மதிப்பீடு, செலவுக்கு அனுமதித்த தொகை, மூன்றுமே உங்கள் பட்ஜெட்டில் ஒரே எண்தான். பெரியவர் பத்து சதவீதம் வெட்டுவார் என்று தெரிந்தே பிரிவுத் தலைவர்கள் பதினைந்து ஏற்றிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உலகம் முழுக்க இது உண்டு, திருப்பூருக்கு மட்டும் உரிய குணம் இல்லை. இலக்கை உயர்த்தியே வையுங்கள். மதிப்பீட்டை மாதாமாதம் கையிலிருக்கும் ஆர்டரைப் பார்த்து அடுத்த மூன்று மாதத்துக்குப் புதுப்பியுங்கள். அந்த மதிப்பீட்டில் 'இந்த மாதம் 91 சதவீதம்தான் நேரத்துக்குப் போகும்' என்று ஒருவர் சொன்னால் அதற்காக அவரைத் திட்டக் கூடாது. ஒரு தடவை திட்டினால் போதும், அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் 98 என்றே சொல்வார்கள்.

34 அளவீடு வேண்டாம்

சின்னவரின் ஷீட்டைப் பார்த்தேன். உழைத்திருக்கிறார், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 34-ஐயும் மாதாமாதம் யாரும் படிக்கமாட்டார்கள். 'ஊழியர் மகிழ்ச்சிக் குறியீடு', 'பிராண்டு மதிப்பு' மாதிரியானவற்றை எப்படி அளப்பது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது போதும்: ஆர்டர் வாரியாக மிஞ்சும் பங்களிப்பு (விற்ற தொகையில் அந்த ஆர்டரின் நேரடிச் செலவு போக மிஞ்சுவது), பணம் உள்ளே வர ஆகும் நாள், கப்பலைத் தேதியில் பிடித்த சதவீதம், பையரின் இறுதி இன்ஸ்பெக்‌ஷனில் முதல் தடவையே பாஸ் ஆனது, வெட்டிய பீஸில் ஏற்றுமதியானது எத்தனை, திரும்பச் சாயம் போட வேண்டிவந்த லாட், லைன் எஃபிஷியன்சி (தையல் வரிசையின் வேலைத்திறன்), வேலையை விட்டுப் போன டெய்லர்கள், ஓவர்லாக், பிளாட்லாக் என்ற இரண்டு தையல் மெஷினும் ஓட்டத் தெரிந்தவர்கள்.

இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். டெய்லர்கள் நின்றால் புது ஆட்கள் வருவார்கள், ஆல்டர் (பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ்) கூடும், லைன் எஃபிஷியன்சி இறங்கும், கப்பல் தவறும், கடைசியில் விமானக் கட்டணம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பத் தாமதமாகும் வாரங்களை எடுத்து, அடுத்த ஆறு வாரத்து ஷிப்மென்ட்டோடு பொருத்திப் பாருங்கள். இந்தச் சங்கிலி உங்கள் யூனிட்டில் நிஜமாகவே இப்படித்தான் ஓடுகிறதா என்பது அப்போது தெரியும். ஓடவில்லை என்றால் அந்த அளவீட்டைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். வெட்டிய பீஸுக்கும் ஏற்றிய பீஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் முதல் மாதத்திலிருந்தே விடாமல் பாருங்கள். நூறு வெட்டி 95 ஏற்றினால் அந்த ஐந்தின் துணி, சாயம், கூலி எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஆனால் உங்கள் இப்போதைய பட்ஜெட்டில் அது எந்தத் தலைப்பிலும் தெரியாது.

இரண்டையும் எங்கே முடிச்சுப் போடுவது

மூன்று இடங்களில்.

ஒன்று, ஸ்கோர்கார்டில் வைக்கும் ஒவ்வொரு இலக்குக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். டெய்லர் நிற்காமல் இருக்க ஹாஸ்டலைச் சரிசெய்ய வேண்டும், பயிற்சி லைன் ஒன்று போட வேண்டும் என்றால் அந்தப் பணம் எங்கே? பணம் இல்லாத இலக்கு வெறும் ஆசை. அந்தப் பணத்தை அன்றாடச் செலவோடு கலக்காமல் தனித் தலைப்பில் வேலி போட்டு வையுங்கள். ஏனென்றால் ஆர்டர் குறைந்த மாதத்தில் எந்த மேனேஜரும் முதலில் வெட்டுவது பயிற்சியையும் மெஷின் பராமரிப்பையும்தான். வெட்டினால் அந்த மாத பட்ஜெட் அழகாக இருக்கும். நாலு மாதம் கழித்து வேறு தலைப்பில் வந்து அடிக்கும்.

இரண்டு, ஒரு பிரிவின் முடிவால் வரும் செலவு அந்தப் பிரிவின் பேரிலேயே எழுதப்பட வேண்டும். விமானக் கட்டணத்துக்கு இனி மூன்று காரணக் குறியீடு போதும்: தையல் தாமதம், துணி அல்லது சாயம் தாமதம், பையரோ, நம் பக்கத்தில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரோ செய்த மாற்றம். வவுச்சர் பாஸாகும்போதே குறியீடு போடப்பட வேண்டும். இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, யார் அனுமதியும் தேவையில்லை. குறியீட்டைப் பற்றிப் பிரிவுகள் சண்டை போடும். போடட்டும், அந்தச் சண்டை கூட்டத்தில் நடப்பதுதான் நல்லது.

மூன்று, கூட்டம். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் நெருக்கடிக்கு முன்னால் ஒரு நாள், இரண்டே தாள். முதல் தாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகிய செலவுகள், இரண்டாவதில் ஒன்பது அளவீடுகள். இரண்டையும் ஒரே நேரத்தில் மேஜையில் வையுங்கள். செலவில் பச்சை, அளவீட்டில் சிவப்பு என்று இருக்கும் பிரிவிலிருந்து கூட்டத்தை ஆரம்பியுங்கள். ஓவர்டைம் கதை அங்கேதான் பிடிபடும். சிவப்புக்கு எதிரே என்ன செய்யப்போகிறோம், யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் என்று எழுதாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இதே தாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். பண இருப்பை நன்றாகக் காட்டுவதற்காக ஜாப் ஒர்க் யூனிட்களுக்குப் பணத்தை இழுத்தடிப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி ஓடுகிறது. நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், விஷயம் அப்படிச் சாதாரணம் இல்லை. 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் போயாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கெடு தாண்டிய பாக்கியைக் கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. 'பணம் உள்ளே வர ஆகும் நாள்' என்று நான் சொன்னது இதனால்தான். பணத்தை வெளியே விடாமல் வைத்திருப்பதற்கு மார்க் கொடுத்துவிடாதீர்கள்.

போனஸும் சம்பளப் பிடித்தமும்

இங்கே அப்பா, மகன் இருவருமே தவறான இடத்தில் நிற்கிறார்கள்.

பெரியவர் கேட்பது முடியாது. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்பதைச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டமானாலும் இப்போதைய ஊதியத் தொகுப்புச் சட்டமானாலும் அந்தப் பட்டியலில் 'பட்ஜெட்டைத் தாண்டியது' கிடையாது. ஒப்படைத்த பொருள் ஒருவரின் நேரடி அலட்சியத்தால் நஷ்டமானால் அது வேறு விஷயம். அதற்கும் விளக்கம் கேட்டு, நடைமுறைப்படிதான் போக வேண்டும்.

சின்னவர் சொல்வதிலும் ஆபத்து உண்டு. சம்பள வரம்புக்குள் வரும் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், லாபமோ நஷ்டமோ கொடுத்தே ஆக வேண்டும். உச்சவரம்பு 20 சதவீதம். ஸ்கோர்கார்டு மார்க் குறைந்தது என்று இந்தக் குறைந்தபட்சத்தில் கை வைக்க முடியாது. ஊக்கத்தொகை கொடுக்க ஆசைப்பட்டால் அதற்கு மேலே, தனிப் பெயரில், எழுத்தில் விதிமுறையோடு கொடுங்கள். அறிவிக்கும் முன்பு தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் வாசகத்தைக் காட்டிவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், நிர்வாகக் கண்ணோட்டத்திலும் முதல் வருடம் மார்க்குக்குப் பணம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எண் சரியாக வருகிறதா என்பதே இன்னும் தெரியாது. பணம் கட்டிய மறுநாளே அந்த எண் வளைய ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்து ஊழியர்களை நெருக்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டிருந்தது வெளியே வந்து, 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். வேலை இழந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். உங்கள் யூனிட்டில் 'முதல் தடவை பாஸ்' சதவீதத்துக்குப் பணம் என்றால், நல்ல கார்ட்டனை மட்டும் முன்னால் அடுக்கிவைப்பார்கள், அவ்வளவுதான். இரண்டாவது வருடம் மூன்று அளவீட்டுக்கு மட்டும், அதுவும் தனி ஆளுக்கு இல்லாமல் லைன் மொத்தத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். தரமும் தேதியும் ஜோடியாக இருக்கட்டும். ஒன்றைக் கெடுத்து இன்னொன்றில் மார்க் வாங்கினால் பணம் கிடையாது.

நடுவில் நிற்கும் நீங்கள்

சின்னவரின் ஆளாகவோ பெரியவரின் ஆளாகவோ கூட்டத்துக்குப் போகாதீர்கள். அந்த ஒரே ஷிப்மென்ட்டை ஒரே தாளில் நாலு வரியாக எழுதுங்கள்: ஓவர்டைம் மிச்சம் 2.40 லட்சம், விமானக் கட்டணம் 11 லட்சம், நிகர நஷ்டம் 8.60 லட்சம், மாத அறிக்கையில் இதற்காகச் சிவப்பு வாங்கிய பிரிவு, எதுவும் இல்லை. கீழே உங்கள் கருத்தாக ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். நாற்பது வருடத் தொழில்காரருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் நிச்சயம் கேட்பார், "இது ஏன் எனக்குத் தெரியவில்லை?" அப்போது ஒன்பது அளவீடு உள்ள தாளை எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுப் படிப்பு என்று அவர் நினைத்தால், சென்னையைச் சேர்ந்த வாகன உதிரிபாக நிறுவனமான சுந்தரம் கிளேட்டனைச் சொல்லுங்கள். அதன் பிரேக் பிரிவு 1998-லேயே தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. கம்பெனியின் இலக்கைப் பிரித்து ஷாப் ஃப்ளோர் வரை கொண்டுபோய், எண்ணால் அளந்து, மாதாமாதம் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாமல் அந்தப் பரிசு கிடைக்காது. அதற்காகக் கணக்குப் பிரிவை அவர்கள் மூடிவிடவும் இல்லை.

சின்னவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 34-ல் 25-ஐ அவரே வெட்டித் தரட்டும். எதை விடமாட்டேன் என்கிறாரோ அதிலிருந்து அவர் இந்தக் கம்பெனியை எந்தப் பக்கம் கொண்டுபோக நினைக்கிறார் என்பது உங்களுக்குப் புரியும். அதைப் பெரியவரும் கேட்கும்படி ஒரே கூட்டத்தில் செய்தால் இன்னும் நல்லது. இருவரும் இதுவரை சண்டை போட்டது பட்ஜெட்டைப் பற்றித்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சாஃப்ட்வேர் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் டாலி கணக்கு மென்பொருளிலேயே விமானக் கட்டணத்துக்குக் காஸ்ட் சென்டர் (செலவைப் பிரிவு வாரியாகப் பிரித்துக் காட்டும் தலைப்பு) போடலாம். மற்றதை எக்செல் தாங்கும். கட்டிங், தையல், பேக்கிங் மூன்று இடத்திலும் தினசரி பீஸ் எண்ணிக்கை ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதை முதலில் சரிபாருங்கள். இப்போது மூன்றும் மூன்று கணக்குச் சொல்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஒத்துவந்து ஒரு சீசன் ஓடட்டும், அப்புறம் விற்பனைக்காரர்களைக் கூப்பிடலாம்.